துண்டு வெட்டினால் வைத்தியம் முடிந்ததா?

யாழ்ப்பாணத்தில் ஒரு நோயாளியை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடுவதைத் "துண்டு வெட்டுறது" என்பார்கள். நம் பக்கத்தில் "டிக்கட் வெட்டுறது" என்கிறோம். ஆனால் துண்டு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நமது பாட்டன், பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்குத் துரையின் துண்டு வேண்டும். பழைய கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் துண்டு கிடைக்கும். 1921இல் சட்டம் கொண்டுவந்து அந்த முறையை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் கடன் தீரும் வரை துண்டு கிடைக்கவில்லை. இந்தக் காலத்தில் வைத்தியம் தீருமுன்பே துண்டு கிடைத்துவிடுகிறது.

பாரிசவாதத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். பக்கவாதம் என்றும் சொல்வோம். "கை கால் விழுந்துவிட்டது" என்றும் சொல்வோம். இந்த நோய் வந்த தொழிலாளி ஒருவர் சில நாட்கள் வாட்டில் கிடப்பார். ஸ்கேன் எடுப்பார்கள், பிரஷரைக் குறைப்பார்கள், மருந்து எழுதுவார்கள். பிறகு டிக்கட் வெட்டிவிடுவார்கள். நாலு பேர் தூக்கி வந்து லயத்துக் காம்பிராவில் கட்டிலில் படுக்க வைப்பார்கள். அதோடு அவர் கதை முடிந்ததென்று தோட்டமும் நினைக்கிறது, உறவினரும் நினைக்கிறார்கள், அவரும் நினைத்துவிடுகிறார். இது தவறு. உயிரைக் காப்பாற்றுவது வைத்தியத்தின் முதல் பாதி. கையையும் காலையும் பேச்சையும் மீட்பது மறுபாதி. அந்த மறுபாதியும் வைத்தியசாலைக் கட்டிலில் நடக்க வேண்டிய வைத்தியம். அது இன்று நமக்குக் கிடைப்பதில்லை. நமது சங்கம் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூளை திரும்பப் படிக்கிறது

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் வருகிறது. இரத்தம் போகாத பகுதி செத்துப்போகிறது. மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை, வலது கால் விழும், பலருக்குப் பேச்சும் போகும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு வடக்குக்கும் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். கொழுந்து லொறி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

செத்த பகுதி திரும்ப உயிர்க்காது. ஆனால் அதன் வேலையைப் பக்கத்திலுள்ள பகுதிகள் பழகிக்கொள்ளும். முதலாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதப் பழகுவது போலத்தான். ஒரே அசைவை ஒரு நாளைக்குப் பல தடவை, நாள் தவறாமல், பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தத் திருத்தச் செய்ய வேண்டும். இந்தப் பழகும் சக்தி முதல் மூன்று மாதங்களில்தான் மிக அதிகம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக வரும். நமது ஆட்கள் அந்த மூன்று மாதத்தையும் சுவரைப் பார்த்துப் படுத்தே கழிக்கிறார்கள்.

புனர்வாழ்வுச் சிகிச்சை என்றால் எண்ணெய் தேய்த்து உருவி விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குழுவின் வேலை. இயன்மருத்துவர் உட்காரவும் எழும்பவும் நடக்கவும் பழக்குகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் சட்டை போடவும், சாப்பிடவும், மலசலகூடத்துக்குப் போகவும் பழக்குகிறார். பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சை மீட்பதோடு, தொண்டையால் ஒழுங்காக விழுங்க முடிகிறதா என்றும் பார்க்கிறார். அதைப் பார்க்காமல் வாயில் தேத்தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். தாதியர் ஒரே பக்கமாகப் படுக்க விடாமல் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே வாட்டில் கூடிப் பேசி ஒரு நோயாளியைப் பார்க்கும்போது, உயிர் தப்பி யார் கையையும் எதிர்பாராமல் வாழ்பவர்கள் கூடுகிறார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மருத்துவ உலகம் கண்ட முடிவு இது. இளையவர், முதியவர், இலேசாக வந்தவர், கடுமையாக வந்தவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் இது பொருந்துகிறது.

வடக்கிலிருந்து ஒரு பாடம்

வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் கடும் நோயாளர்கள் வந்து சேரும் இடம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. குடாநாட்டுக்குள் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. 1987இல் தொடங்கிய யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கியது. யுத்தம் கொடுத்த கொடுமையான பாடம் அது. கால் போனவனை மூலையில் போட்டு வைக்கக்கூடாது, அவனை எழுப்பி நடக்க வைப்பதும் வைத்தியம்தான் என்பதை அந்த மக்கள் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டார்கள். சைக்கிள் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகும் செயற்கைக்கால்காரரைப் பார்த்து வளர்ந்த ஊரில், "இனி இவர் அவ்வளவுதான்" என்று யாரும் இலேசில் சொல்லமாட்டார்கள்.

2024இல் முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவித் திட்டத்தில் கட்டிய புனர்வாழ்வு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் ஏராளமாக வாழும் மாகாணத்தில் வெகுகாலம் தேவைப்பட்ட இடம் அது.

யாழ்ப்பாணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து மாங்குளம் ஏ9 வீதியில் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரம். நெடுந்தீவில் ஒருவருக்குக் கை கால் விழுந்தால் முதலில் படகில் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். பிறகு பஸ்ஸோ அம்புலன்சோ பிடிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை இயன்மருத்துவரிடம் வா என்று துண்டில் எழுதிக் கொடுப்பது இலேசு. கடலில் காற்றடிக்கும் நாளில் பாதி உடம்பு அசையாத ஒருவரைப் படகில் ஏற்றி இறக்குவது இலேசில்லை. நமது கீழ் டிவிசனிலிருந்து முந்நூறு படி ஏறி, பிறகு மூன்று மைல் கல் ரோட்டில் முச்சக்கர வண்டியில் போகிறவருக்கும் அதே கதைதான். தண்ணீரும் மலையும்தான் வேறு. தூரத்திலிருந்து வரும் நோயாளியை வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வதைவிட, ஆறு வாரம் கட்டில் கொடுத்து உள்ளே வைத்துப் பழக்குவதுதான் புத்தி. கட்டிலில் தங்கிச் சிகிச்சை பெறுவது வசதிக்காரருக்குரிய சௌகரியம் அல்ல. தூரத்தில் வாழும் ஏழைக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை.

தாய்மொழியும் மருந்துதான்

யாழ்ப்பாணத்தில் நோயாளிக்குக் கிடைக்கும் ஒன்று நமது மாவட்டங்களில் பல இடங்களில் கிடைப்பதில்லை. அங்கே வாட்டில் "ஐயா, கையைக் கொஞ்சம் தூக்குங்கோ, இது என்னெண்டு சொல்லுங்கோ" என்று அவர் பாஷையிலேயே கேட்கிறார்கள். நல்ல காலத்தில் நாம் எப்படியோ சமாளிப்போம். கொஞ்சம் சிங்களம் பேசுவோம், கைச்சாடை காட்டுவோம். ஆனால் பாரிசவாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சு பாதிக்கிறது. சொல் நாக்கில் வராது, மற்றவர் சொல்வதும் முழுதாக விளங்காது. அந்த நிலையில் உள்ளவரிடம் அவருக்குப் பாதி தெரிந்த மொழியில் பேசினால், மூளை கலங்கிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். தாலாட்டுக் கேட்ட மொழியில், கொழுந்து, கூடை, மட்டக்கத்தி, அம்மா, கோயில் என்ற சொற்களிலிருந்து தொடங்கினால்தான் அவர் பேச்சு திரும்பி வரும். சிங்களம் பேசும் தாதியரையும் வைத்தியரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேச்சுச் சிகிச்சையில் மொழியே மருந்து. தெரியாத மொழியில் அந்த மருந்தைக் கொடுக்க யாராலும் முடியாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதை அப்போதே விளங்கிக்கொண்டவர். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அவர், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். 1860களில் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். வைத்திய நூல்களைத் தமிழில் பெயர்த்தார். ஊரோடு வாழும் வைத்தியர் ஊர்மொழியில் படித்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். ஏறத்தாழ 160 வருடங்களுக்குப் பிறகு, மலையகத் தொழிலாளிக்குத் தமிழில் பேச்சுச் சிகிச்சை கேட்பது பெரிய ஆசையாகிவிடுமா?

ஆசிரியனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் பட்டப்படிப்பு ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. இயன்மருத்துவத்துக்குக் கொழும்பிலும் பேராதனையிலும் படிக்கலாம். அங்கே போக உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். நமது தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை எத்தனை? உயிரியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையைக் கலைப் பிரிவில் சேர்த்துவிட்டு, பிறகு வாட்டில் தமிழ் பேச ஆள் இல்லையே என்று கவலைப்படுகிறோம். வைத்தியசாலைக் கோரிக்கையும் பாடசாலைக் கோரிக்கையும் ஒரே கோரிக்கைதான்.

"வீட்டில் வைத்துப் பார்க்கலாமே" என்பவர்களுக்கு

கட்டில் கேட்டால் வரும் முதல் பதில் இது: "கட்டில் இல்லை, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நரம்பியல் வைத்தியர் ஜெயராஜ் துரை பாண்டியனும் பலரும் சேர்ந்து 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு வைத்தியசாலையிலேயே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு. 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் தயவில் வாழ்ந்தார்கள். வித்தியாசம் இல்லை. குடும்பத்தாரின் அன்பு குறைந்ததால் அப்படி நடக்கவில்லை. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் வைத்தால் அன்பு மட்டும் போதாது. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அது சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டும், சிகிச்சைக்குப் பதிலாக நடக்கக்கூடாது.

நமது வீடு என்ன வீடு என்பதையும் யோசியுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. இஸ்தோப்பிலிருந்து இறங்கினால் படி. மலசலகூடம் வெளியே, மழையில் வழுக்கும் மண் பாதையில். கைப்பிடி கிடையாது. ஊன்றுகோலோடு முதல் நாள் வெளியே போகிறவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது.

யார் பார்ப்பது? மனைவி மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. ஆகவே பதினான்கு வயது மகள் வீட்டில் நிற்கிறாள். வகுப்பில் இடாப்பு மார்க் பண்ணும்போது ஒரு பெயருக்குப் பக்கத்தில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று போய்க்கொண்டே இருக்கும். விசாரித்தால், "தாத்தாவுக்குக் கை கால் வரல சேர், அவதான் பாக்குறா" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். இப்படி நின்ற பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் குறைவு. வைத்தியசாலை மிச்சம் பிடித்த கட்டிலின் விலையைச் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய ஒரு பெண்பிள்ளை கட்டுகிறாள். இந்தக் கணக்கு எந்த அமைச்சின் அறிக்கையிலும் வருவதில்லை.

எண்ணெய், கஷாயம் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் கைதடியில் சித்த வைத்தியத்தைப் பல்கலைக்கழக மட்டத்திலேயே படிப்பிக்கிறார்கள். அதில் நம்பிக்கையுள்ளவர்கள் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் போகட்டும். ஆனால் பிரஷர் மாத்திரையையும் சீனி மாத்திரையையும் நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது தடவை வரும் பாரிசவாதம் முதலாவதைவிடக் கொடியது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். "சீக்கிரம் நடக்க வேண்டும்" என்று முதல் நாளே நோயாளியை நீண்ட நேரம் நடத்தவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை என்பதுதான் முறை.

நாம் கேட்க வேண்டியவை

தென்னிலங்கையில் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கண்டி மாவட்டத்தில் திகனயில் ஒன்று இருக்கிறது. இருந்தும் நமது கிளைத் தலைவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எத்தனை பேர் அங்கே அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள்? கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது.

முதலாவது, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பெரிய வைத்தியசாலைகளில் பாரிசவாத நோயாளருக்கென்று புனர்வாழ்வுக் கட்டில்கள் வேண்டும். அங்கே தமிழ் பேசும் சிகிச்சையாளர்களும் வேண்டும். வடக்கில் மாங்குளத்துக்கு வந்தது மலையகத்துக்கும் வரலாம்.

இரண்டாவது, தோட்டக் கம்பனிகள் செய்ய வேண்டியது. 2021இல் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகிய பிறகு, சம்பளத்தைப் பற்றி மட்டும் சம்பளச் சபையில் பேசுகிறோம். நோயும் நலனும் பேசுவதற்கு மேசையே இல்லாமல் போய்விட்டது. அந்த மேசை திரும்ப வேண்டும். கிளினிக் போகும் நாளில் வாகனம், நோயாளியோடு நிற்பவருக்குக் குறிப்பிட்ட நாட்களுக்காவது பேர், குணமாகி வருகிறவருக்கு இலேசான வேலை, நோயாளி உள்ள வீட்டுக்கு ஒரு கைப்பிடியும் ஒரு சரிவுப் பாதையும். இவை கோடிக்கணக்கில் செலவாகும் விஷயங்கள் அல்ல.

மூன்றாவது, பெரட்டுக்களத்தில் மாதம் ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். பாரிசவாதத்துக்கு முதற்காரணம் உயர்ந்த பிரஷர். அது வலிக்காது, அதனால் தெரியாது. வெற்றிலை, புகையிலை, சாராயம், உப்பு ஆகியவற்றைப் பற்றி மாதர் சங்கம் பேசட்டும்.

நான்காவது நமக்கே. கை கால் விழுந்த முதல் மாதத்திலேயே "இனி வேலை செய்ய முடியாது" என்று எழுதிக் கொடுத்து ஈ.பி.எப். பணத்தை எடுக்க அவசரப்படாதீர்கள். அப்படி எடுத்தால் வேலை முடிந்துவிடும். முதலில் சிகிச்சை முடியட்டும். உண்மையிலேயே நிரந்தரமாக முடியாமல் போனால் ஈ.பி.எப். போக, ஈ.ரி.எப். சபையிடம் நிரந்தர இயலாமைக்கான கொடுப்பனவும் உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்ப ஆசிரியர்கள் இருக்கிறோம், வந்து கேளுங்கள்.

அதுவரை, உங்கள் லயத்தில் ஒருவருக்கு டிக்கட் வெட்டும் நாளில் கிளைத் தலைவர் ஒருவர் கூடப் போகட்டும். வாட்டில் நின்று மரியாதையாக, ஆனால் பதில் வரும் வரை நகராமல், ஐந்து கேள்விகள் கேட்கட்டும்.

விழுங்குவதைப் பரிசோதித்தீர்களா, என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு இவரை அனுப்ப முடியுமா, கடிதம் தருவீர்களா?

அடுத்த கிளினிக் எப்போது, இயன்மருத்துவர் யார்?

எந்த மாத்திரையை எவ்வளவு காலம் குடிக்க வேண்டும்?

இவரை எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது, இப்போதே எங்களுக்குக் காட்டித் தருவீர்களா?

பதில்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் அந்தக் கொப்பியை வையுங்கள். பத்துத் தோட்டத்துக் கொப்பிகள் சேர்ந்தால், மாகாண சுகாதார அமைச்சின் முன் வைக்க நம்மிடம் ஒரு கோரிக்கை இருக்கும், அதற்குச் சாட்சியும் இருக்கும்.